நீலாயதாட்சியின் அடுப்பு

ஏப்ரல் 15

இன்று முதல் அறுபத்தொரு நாள் தடை. மீனுக்கு முட்டையிடும் காலம், எங்களுக்கு வீட்டில் உட்காரும் காலம். நேற்று எங்கள் படகு 'நீலாயதாட்சி'யைத் துறைமுகத்தில் கட்டிவிட்டு, பாத்திரங்களைச் சாக்கில் அள்ளிப்போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்பது பேருக்குச் சோறு வடிக்கிற குண்டானைப் பார்த்ததும் பவளக்கொடி, "இத எங்க வக்கிறது, என் தலையிலயா?" என்றாள். பதினாறு வருஷமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் என் மனைவி கேட்கிற கேள்வி இது. பிறகு அவளே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

ஐஸ் கம்பெனியில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து வெள்ளையாகவே கிடக்கிறது. சும்மா இருக்கிற கைக்கு வேலையாக இருக்கட்டும் என்று எடுத்தேன். படகில் சமையல் செய்கிறவன் டைரி எழுதக்கூடாது என்று சட்டமில்லை.

சளி இன்னும் விடவில்லை.

ஏப்ரல் 19

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து பரிசோதகர் வந்தார். சட்டை கசங்காத மனிதர். வலையைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், தலையாட்டினார். சமையல் அறைக்குள் வந்ததும் தலையாட்டல் நின்றுவிட்டது. அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, டிரைவர் அறைக்குப் பின்னால் நான்கு பேர் நிற்கிற இடம். கீழே பலகையைத் தூக்கினால் எஞ்சின் ரூம்.

"இந்த அடுப்பு துருப்பிடிச்சுப் போச்சு. டியூப்ல வெடிப்பு இருக்கு. சிலிண்டர உள்ள வச்சிருக்கீங்க. இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். ஜூன் பதிமூன்றாம் தேதி மறுபடி வருவாராம். அதற்குள் அடுப்பு, டியூப் புதிதாக இருக்க வேண்டும், சிலிண்டர் வெளியே போக வேண்டும். கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்று இருந்தால் நல்லது என்றும் எழுதிக் கொடுத்தார்.

அவர் போன பிறகு முதலாளியம்மா கோமளவல்லி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அடுப்பு நம்ம வூட்டுல ஒண்ணு பிரிக்காமக் கெடக்கு, கண்ணாடி வச்சது. மவ கல்யாணத்துக்கு வந்தது. அத மாட்டிடலாம். அலாரம் எதுக்கு? நம்ம அமிர்தம் மூக்கு இருக்கும்போது?"

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் சிங்காரவேல் உடனே கோடியக்கரைக் கதையை எடுத்துவிட்டான். மூன்று வருஷத்துக்கு முன் நான் தூக்கத்திலிருந்து எழுந்து, "ரெகுலேட்டர் கசியுது" என்று சொல்லி, போய்ப் பார்த்தால் உண்மையிலேயே கசிந்த கதை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நான் படுத்திருந்த இடம் அடுப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது. இன்று படகின் முனைக்கே போய்விட்டேன்.

நானும் சிரித்தேன்.

என் மூக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை எழுதிவைக்கிறேன், தற்பெருமைதான். எங்கள் படகில் சமைத்ததும் முதல் கைப்பிடி கடலுக்கு. அதற்கு முன் யார் நாக்கிலும் படக்கூடாது. முதலாளியம்மாவின் மாமனார் காலத்து வழக்கம். அதனால் நான் உப்புப் பார்த்ததே கிடையாது. குழம்பு கொதிக்கும்போது குனிந்து ஒரு மூச்சு இழுப்பேன். உப்பு ஏறியிருக்கிறதா இல்லையா என்று வாசமே சொல்லும். பதினாறு வருஷத்தில் ஒருவனும் தட்டைத் தள்ளியது கிடையாது.

இந்த மார்ச் மாதத்தில் இரண்டு முறை தள்ளினார்கள். சளி.

ஏப்ரல் 20

மூக்கில் சொட்டு மருந்து விட்டேன். எரிகிறது. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 27

பவளக்கொடியிடம் கயிறு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நாகூர் போனேன். ஹபீப் பாய் கடையில் படகுக்கு வேண்டிய நங்கூரம், விளக்கு, மிதவை எல்லாம் இருக்கும். "படகுக்கு அடுப்பு பாக்கணும்" என்றேன்.

"வூட்டு அடுப்பு வேணுமா, படகு அடுப்பு வேணுமா?" என்று கேட்டார்.

"என்ன பாய் வித்தியாசம்? ரெண்டுலயும் தீதானே எரியும்."

"எரியிறவரைக்கும் வித்தியாசம் இல்ல. அணைஞ்ச பெறவுதான் இருக்கு."

ஒரு அடுப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். முழுக்க எஃகு. சுற்றிலும் கம்பி வேலி, பாத்திரத்தை இறுக்கிப் பிடிக்கத் திருகுப் பிடிகள். திருகைப் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்தால்தான் தீ நிற்கிறது. பர்னர் பக்கத்தில் ஊசி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. தீயில் அது சூடாக இருக்கும்வரை கேஸ் வரும். காற்றிலோ குழம்பு பொங்கியோ தீ அணைந்தால் ஊசி ஆறும், உள்ளே வால்வு தானாக மூடிக்கொள்ளும். பாய் ஊதி அணைத்தார். நாங்கள் இருவரும் காத்து நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து 'டக்' என்று ஒரு சத்தம்.

"அவ்வளவுதான். மூடிடுச்சு" என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. கேஸ் மேலே போகாதாம், காற்றைவிடக் கனமாம். "வூட்டுல கசிஞ்சா வாசப்படி வழியா தெருவுக்கு ஓடிடும். படகுல எங்க ஓடும்? தண்ணி மாதிரி நெனைச்சுக்குங்க. கண்ணுக்குத் தெரியாத தண்ணி. எறங்கி எஞ்சின் ரூம்ல தேங்கி நிக்கும். ஒரு பொறி போதும்." அதனால்தான் அலாரத்தைக் கூரையில் மாட்டாமல் முழங்காலுக்குக் கீழே மாட்ட வேண்டுமாம். சிலிண்டரை வெளித்தட்டில் பெட்டிக்குள் வைத்து, பெட்டி அடியில் கடல் பக்கமாக ஓட்டை போட வேண்டுமாம்.

"தண்ணின்னா எறைச்சுடலாமே" என்றேன் விளையாட்டாக.

"எறைக்கலாம். நெசமாவே வாளியில மொண்டு கொட்டலாம். ஆனா மொதல்ல அங்க இருக்குன்னு தெரியணுமே. அதுக்கு மூக்கு வேணும், இல்லாட்டி அலாரம் வேணும்."

விலை கேட்டேன். வீட்டு அடுப்பு போல நாலு மடங்கு. வரும்போது கயிறு வாங்க மறந்துவிட்டேன்.

மே 3

பவளக்கொடி ரசம் வைத்தாள். "பெருங்காய வாசம் தூக்குது" என்று மெச்சினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். பாராட்டினால் வாங்கிக்கொள்ளத் தெரியாதவள்.

மே 9

முதலாளியம்மா வீட்டுக்குப் போய்ப் படகு அடுப்பைப் பற்றிப் பேசினேன். தீ அணைந்தால் தானாக மூடும் என்றேன். பாத்திரம் சரியாது என்றேன். பரிசோதகர் இதைத்தான் கேட்பார் என்று கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

"அவரு எழுதிக் குடுத்ததுல புது அடுப்புன்னுதானே இருக்கு?" என்றார் அம்மா. அவர் படித்த மனுஷி, காகிதத்தை எடுத்து விரலால் தொட்டுக் காட்டினார்.

சிங்காரவேலும் அங்கே இருந்தான். "என்னண்ணே, வயசாவுதா? பதினாறு வருஷம் துருப்பிடிச்ச அடுப்புல சமைச்சீங்க, ஒரு நாளு ஒண்ணும் கேக்கல. இப்ப மட்டும் எதுக்கு இவ்வளவு பயம்?"

பதிலாக எதையோ சொல்லிவிட்டு வந்தேன். அலை, காற்று, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று ஏதோ. உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னால் அடுப்பு வரும். ஆனால் அந்த அடுப்பில் வேறொருவன் சமைப்பான். ஐம்பது வயதில் வலை இழுக்க என்னை யார் கூப்பிடுவார்கள்?

மே 16

திருவாரூரில் காது மூக்கு தொண்டை டாக்டர். பத்துச் சின்னப் புட்டிகளை ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே நீட்டினார். ஒன்பதைத் தண்ணீர் என்றேன். ஒன்றை மட்டும் காபித்தூள் என்றேன், புட்டியில் நிறம் தெரிந்தது.

மாசி மாதம் வந்த காய்ச்சலில் மோப்பம் போயிருக்கிறதாம். திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். சின்ன வயது டாக்டர். அவருக்கு என்ன தெரியும்.

மே 24

படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். எல்லோரும் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் வருகிறார்கள். நான் சமையல் அறையிலேயே உட்கார்ந்து டீயும் பன்னும் சாப்பிட்டேன். சிங்காரவேல் எட்டிப் பார்த்து, "எப்படிண்ணே இந்த நெடியில எறங்குது?" என்றான்.

"பழக்கம்" என்றேன்.

நின்று பார்த்துவிட்டுப் போனான்.

மே 30

பவளக்கொடி சொல்லிவிட்டாள். காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல்.

"ஒரு மாசமா ரசத்துல பெருங்காயம் போடல."

நான் பேப்பரைத் திருப்பினேன்.

"நேத்து அடுப்புல பால் தீஞ்சு தெருவே நாறுது. நீங்க பக்கத்துல உக்காந்து காது கொடையுறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா?"

"சளி புடிச்சிருக்கு."

"சளியா. சரி. ஒம்போது பேரு உங்கள நம்பித் தூங்குறாங்க. நீங்க சளின்னே சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. சாப்பிடாமல் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் பசித்தது, திரும்பி வந்தேன். தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தாள். ஜூன் பதிமூன்று முடியட்டும், அதற்குப் பிறகு நானே பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ஜூன் 2

காலையில் மல்லிகைப்பூவை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 8

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கண்ணாடி அடுப்பை நேற்றே மாட்டிவிட்டார்கள். சிலிண்டர் வெளித்தட்டுக்குப் போய்விட்டது. இன்று நல்ல நாள் என்று முதலாளியம்மா பால் காய்ச்ச வந்தார். உள்ளே அம்மாவும் சிங்காரவேலும் நானும். மற்றவர்கள் வெளியே வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அறையில் இரண்டாவது பூச்சுப் பெயிண்ட் காயாமல் பளபளத்தது. எல்லோரும் கண்ணைக் கசக்கினார்கள்.

பாலை வைத்துத் தீயைக் கூட்டினேன். பொங்க வேண்டும், நாலா பக்கமும் வழிய வேண்டும். அதுதானே நல்லது. பொங்கியது. கண்ணாடி மேலெல்லாம் வழிந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நான் துணியால் பிடித்துப் பாலை இறக்கினேன். திருகைச் சிங்காரவேல் மூடியிருப்பான் என்று நான் நினைத்தேன். நான் மூடியிருப்பேன் என்று அவன் நினைத்தான். பால் வழிந்ததில் தீ எப்போதோ அணைந்திருந்ததால் இருவருக்கும் அடுப்பு நிறுத்தினது போலவே இருந்தது.

முதல் பால் கடலுக்கு. மூவரும் வெளியே போய்ப் படகின் பக்கவாட்டில் நின்று ஊற்றினோம். பிறகு ஆளுக்கு ஒரு டம்ளர். அம்மா தன் மாமனாரைப் பற்றிப் பேசினார், முதல் மோட்டார் வாங்கின கதை. பத்து நிமிஷம் இருக்கும். அதற்குப் பிறகு கற்பூரம் காட்ட மறுபடி உள்ளே வந்தோம்.

அம்மா தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தினார்.

"ஒரு மாதிரி வாசம் வருதே."

"பெயிண்டும்மா. நேத்துதான் ரெண்டாவது பூச்சு அடிச்சது" என்றான் சிங்காரவேல்.

"பெயிண்டு மாதிரியும் இருக்கு. வேற என்னமோ மாதிரியும் இருக்கு. எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல. அமிர்தம், நீ சொல்லு. பெயிண்டா, கேஸா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கவலையே இல்லாத பார்வை. நான் சொல்கிற வரை காத்திருந்து, சொன்னதும் குச்சியைக் கிழிக்கத் தயாராக இருக்கிற பார்வை. எனக்கும் ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கத் தோன்றியது. இழுத்தேன். ஒன்றுமில்லை, வெறும் காற்று.

'பெயிண்ட்தான்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பொய் இல்லையே, பெயிண்ட் அங்கே இருந்தது. சொல்லியிருந்தால் என் வேலை இருந்திருக்கும். அந்த வார்த்தை எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதை இந்த டைரியில் மட்டும் எழுதுகிறேன்.

"தெரியலம்மா" என்றேன். "எனக்கு எந்த வாசமும் தெரியாது. மாசிக் காய்ச்சலோட போயிடுச்சு. குச்சியக் கீழ வைங்க, கொளுத்தாதீங்க."

அம்மா குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினார். சிங்காரவேல் குனிந்து திருகைப் பார்த்தான். முழுக்கத் திறந்திருந்தது. அவன் அதை மூடிவிட்டு வெளியே ஓடிச் சிலிண்டரையும் மூடினான். நான் சத்தம் போட்டேன். "லைட்டப் போடாத. பேட்டரியத் தொடாத. எஞ்சின் ரூம் பலகையத் தூக்கு. எல்லா சன்னலையும் தெற."

பிறகு இரைத்தோம். பாய் சொன்னது போலவே, ஆறு பேர் வரிசையாக நின்று, பொறி வராமலிருக்கப் பிளாஸ்டிக் வாளிகளை நனைத்துக்கொண்டு, எஞ்சின் ரூமிலிருந்து மொண்டு மொண்டு கடலில் கொட்டினோம். வாளியில் ஒன்றும் இல்லை. கடலிலும் ஒன்றும் விழவில்லை. பக்கத்துப் படகில் பீடி குடித்துக்கொண்டிருந்தவனைச் சிங்காரவேல் திட்டி விரட்டினான். போகிறபோது அவன், "காலி வாளிய வச்சு என்னத்தடா கொட்டுறீங்க?" என்று கேட்டான். நாங்கள் மொண்டுகொண்டே இருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்துச் சிங்காரவேல் பலகை ஓரமாகப் படுத்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்து, "இப்ப பெயிண்டு மட்டுந்தான்" என்றான்.

அம்மா தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பசங்கள் மறுபடி ஈயம் கட்டப் போனார்கள். கோடியக்கரைக் கதையை இனி யாரும் சொல்லமாட்டார்கள்.

பவளக்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதேன். வெட்கமாக இல்லை.

ஜூன் 9

குண்டானைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை.

ஜூன் 10

சிங்காரவேல் வேறு ஒரு சமையல்காரனோடு டீக்கடையில் பேசிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. பேசட்டும். நல்ல ஆள்தான், புளி மட்டும் கூடப் போடுவான்.

ஜூன் 11

முதலாளியம்மா வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய்ப் பவளக்கொடியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் என் எதிரே உட்கார்ந்தார்.

"எத்தன மாசமா?"

"நாலு மாசம் ஆவுதும்மா."

"மார்ச்சுல ரெண்டு தரம் கடலுக்குப் போனியே. அப்பவுமா?"

"ஆமாம்மா."

"அதுக்கு உன்ன அடிக்கணும்."

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னதில் தப்பில்லை.

"அன்னிக்கு நீ பெயிண்டுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன் அமிர்தம். குச்சியக் கிழிச்சிருப்பேன்" என்றார். "நாங்கல்லாம் மூக்கு உள்ளவங்க. வாசம் வந்தும் எங்களுக்குச் சொல்லத் தெரியல. உன்னயே பாத்துப் பழகிட்டோம். அந்தக் கண்ணாடி அடுப்ப வூட்டுக்கே கொண்டுபோயிட்டேன். நாளைக்கு நாகூர் போயி நீ சொன்ன அடுப்ப எடுத்துட்டு வா. அந்த அலாரத்தையும்."

"யாரு சமைக்கப் போறாங்கம்மா?"

"அடுப்பு யாருக்குப் பழக்கமோ அவங்கதான்."

"உப்பு?"

அம்மா எழுந்துகொண்டார். "அத உன் டிரைவர்கிட்ட கேளு. அண்ணன் வேணும், இல்லாட்டி நானும் போவலன்னு எங்கிட்ட வந்து நின்னது அவன்தான்."

அவர் போன பிறகு பவளக்கொடி குண்டானை இழுத்து வெளியே வைத்துக் கழுவ ஆரம்பித்தாள். டீக்கடைச் செய்தியை நம்பியதற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஜூன் 13

பரிசோதகர் வந்தார், அதே கசங்காத சட்டை. அடுப்பு பலகையோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. டியூப் புதிது, அதன்மேல் அச்சிட்ட வருஷத்தைப் படித்துப் பார்த்தார். சிலிண்டர் பெட்டியின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். அலாரம் என் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. இரண்டு முறை தீயை ஊதி அணைத்துவிட்டுக் காத்திருந்தார். இரண்டு முறையும் 'டக்'.

"யாரு தேர்ந்தெடுத்தது?" என்று கேட்டார்.

"எங்க சமையல்காரரு" என்றார் அம்மா.

கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 16

கடல். நேற்று விடியலில் கிளம்பினோம். துறைமுகக் கொடிமரம் மறைந்ததும் அலை கொஞ்சம் தூக்கிப் போட்டது. குண்டான் கம்பி வேலிக்குள் ஆடாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு முறை சன்னல் வழியாகக் காற்றடித்துத் தீ போய்விட்டது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். 'டக்' என்று கேட்டதும் எழுந்துபோய் மறுபடி பற்றவைத்து, பத்து எண்ணினேன்.

பவளக்கொடி உப்புக்கென்று ஒரு சின்னக் கரண்டி கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஒன்பது பேர் குழம்புக்கு நாலு கரண்டி உப்பு என்று வீட்டில் மூன்று நாள் வைத்துப் பார்த்துச் சொன்னது. நாலு போட்டேன். குழம்பு கொதித்தது. பழக்க தோஷத்தில் குனிந்து ஒரு மூச்சு இழுத்தேன், பிறகு நிமிர்ந்துகொண்டேன்.

சுக்கானை வேறொருவனிடம் கொடுத்துவிட்டுச் சிங்காரவேல் உள்ளே வந்தான். என்னை இடித்துத் தள்ளிவிட்டு அடுப்புக்கு நேரே குனிந்தான். கண்ணை மூடிக்கொண்டு, அந்த முரட்டு மூஞ்சியைக் குண்டானுக்குள் விடாத குறையாக மோந்து பார்த்தான்.

"என்ன வாசம் வருது?" என்று கேட்டேன்.

"மீன் கொழம்பு வாசம்."

"அது எனக்கே தெரியும். ஒழுங்காச் சொல்லு."

மறுபடி குனிந்தான். நெற்றியில் வியர்வை. பதினோரு வருஷமாகப் படகு ஓட்டுகிறவன், கடலில் எந்த மணல்திட்டையும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறவன், ஒரு குழம்பின் முன்னால் முழித்தான். "மொதல்ல புளி வருதுண்ணே. அப்பறம் வெந்தயம். அதுக்குக் கீழ ஒண்ணு... பச்சையா நிக்குது. என்னமோ சேராத மாதிரி."

"உப்பு பத்தல" என்றேன்.

"அப்படியா சொல்றீங்க?"

"நீதான் சொன்ன."

அரைக் கரண்டி போட்டுக் கிளறினேன். ஒரு கொதி வந்ததும் அவன் மறுபடி மோந்தான். "ஆங், இப்ப அது போயிடுச்சு" என்றான். இறக்கினோம். முதல் கைப்பிடியை அவனே கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டு வந்தான். அதன் பிறகு ஒன்பது பேருக்கும் தட்டு வைத்தேன்.

யாரும் தள்ளவில்லை. சிங்காரவேல் இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டு, நான் கேட்காமலேயே, நாளைக்கு எத்தனை மணிக்குக் குழம்பு கொதிக்கும் என்று கேட்டான்.